விற்கும் நாளைத் தேர்ந்தெடுக்க முடியாதவர்கள்
பீகார் தானியச் சந்தையின் அனுபவம்

(வேளாண் பிரச்சினை குறித்த அரசியல் வகுப்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



2020ஆம் ஆண்டின் இறுதி மாதங்களில் பஞ்சாப், அரியானா விவசாயிகள் தில்லியின் எல்லைகளை நோக்கித் திரண்டுகொண்டிருந்தார்கள். அதே மாதங்களில், அதிகம் பேசப்படாத இன்னொரு பயணமும் நடந்தது. உத்தரப் பிரதேசத்திலிருந்தும் பீகாரிலிருந்தும் நெல் மூட்டைகளை ஏற்றிய லாரிகள் பஞ்சாப் மண்டிகளை நோக்கிச் சென்றன. பஞ்சாப் காவல்துறை அவற்றுள் பலவற்றை மடக்கி வழக்குப் பதிவு செய்தது. அந்த ஆண்டு சாதாரண ரக நெல்லுக்கு ஒன்றிய அரசு அறிவித்த குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டாலுக்கு 1868 ரூபாய். இந்த விலை நாடு முழுமைக்கும் அறிவிக்கப்பட்டதுதான். ஆனால் பீகார்க் கிராமங்களில் நெல் 1000 ரூபாய்க்கும் 1200 ரூபாய்க்கும் வியாபாரிகளின் கைக்கு மாறியது. ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால் லாரி வாடகை கொடுத்துக் கொண்டுபோய்ச் சட்டவிரோதமாக விற்றாலும் இலாபம் கிடைக்கும் அளவுக்கு அந்த இடைவெளி அகன்றிருந்தது.

இந்த லாரிகளை மனத்தில் இருத்திக்கொண்டுதான் மூன்று வேளாண் சட்டங்களின் பொருளாதாரத்தைப் பரிசீலிக்க வேண்டும். அந்தச் சட்டங்கள் எதைச் 'சுதந்திரம்' என்று அழைத்தனவோ அந்தச் சுதந்திரம் பீகாருக்குப் பதினான்கு ஆண்டுகளுக்கு முன்பே வழங்கப்பட்டுவிட்டது. 1960ஆம் ஆண்டின் வேளாண் விளைபொருள் சந்தைச் சட்டத்தை பீகார் அரசு 2006இல் முற்றாக நீக்கியது. 'பாஜார் சமிதி' என்று மக்கள் அழைத்த சந்தைக் குழுக்கள் கலைக்கப்பட்டன. 95 சந்தை முற்றங்கள் இருந்தன. அவற்றுள் பாதியளவிலேனும் கிடங்கும் எடைமேடையும் கூரையிட்ட ஏலக்களமும் இருந்தன. பணியாளர்கள் வேறு துறைகளுக்கு மாற்றப்பட்டார்கள், கட்டடங்கள் பராமரிப்பின்றிச் சிதைந்தன. தனியார் மூலதனம் வந்து நவீன சந்தைகளை எழுப்பும், போட்டி பெருகும், விவசாயிக்கு விலை உயரும் என்று வாக்களிக்கப்பட்டது. இந்த வாக்குறுதியை அன்று பாராட்டி எழுதிய பொருளாதார அறிஞர்களில் பலர் 2020இலும் அதே வாக்குறுதியை அதே சொற்களில் பாராட்டி எழுதினார்கள். இடைப்பட்ட காலத்தில் பீகாருக்குச் சென்று பார்த்துவர அவர்களுக்கு நேரம் கிடைக்கவில்லை போலும்.

வந்த தனியார் மூலதனம் எத்தகையது என்பதைப் பூர்ணியா மாவட்டத்துக் குலாப்பாக் சந்தையில் காணலாம். கோசி ஆற்றுச் சமவெளியின் மாவட்டங்களான பூர்ணியா, கட்டிஹார், ககடியா, மாதேபுரா ஆகியவற்றில் குளிர்காலப் பயிராக மக்காச்சோளம் செழித்து விளைகிறது. விளைச்சல் நாட்டின் சராசரியைவிட வெகு அதிகம். குலாப்பாக்கில் திரளும் மக்காச்சோளம் சரக்கு ரயில்களில் ஏறித் தென்னாட்டின் கோழித் தீவன ஆலைகளுக்கும் மாவு ஆலைகளுக்கும் செல்கிறது. நாமக்கல் பண்ணைகளின் கோழிகள் உண்ணும் தீவனத்தில் ஒரு பகுதி அங்கிருந்து வருவதே. ஆக, வணிகம் இல்லாமல் இல்லை. பெரிய வணிகர்கள் இருக்கிறார்கள், அனைத்திந்திய அளவிலான கொள்முதல் நிறுவனங்கள் இருக்கின்றன, கிடங்குகளும் எழும்பியுள்ளன. சட்டப்படி எவரும் எவரிடமும் விற்கலாம், வாங்கலாம். ஆனால் 2020 கோடையில் அந்த மக்காச்சோளம் குவிண்டால் 1000 ரூபாயிலிருந்து 1300 ரூபாய் வரையில் போயிற்று. ஆதரவு விலை 1760 ரூபாய். ஊரடங்கினால் கோழிப்பண்ணைகள் முடங்கியது ஒரு காரணம். ஆனால் முடக்கத்தின் இழப்பை ஆலைக்காரரோ, கிடங்குக்காரரோ, மொத்த வணிகரோ சுமக்கவில்லை என்பதும், சங்கிலியின் கடைசிக் கண்ணியான பயிரிடுபவரே சுமந்தார் என்பதும் தற்செயலானவையா?

இங்கே ஒரு தவறான முடிவுக்கு வந்துவிடக் கூடாது. 2006க்கு முன்பு பீகார் விவசாயிக்கு ஆதரவு விலை கிடைத்துக்கொண்டிருந்தது, சட்டம் நீக்கப்பட்டதால் அது பறிபோனது என்று சில மேடைகளில் பேசப்படுகிறது. உண்மை அவ்வாறன்று. பாஜார் சமிதிகள் இருந்த காலத்திலும் பெரும்பான்மை விவசாயிகள் அவற்றின் வாசலை மிதித்ததில்லை. கிராமத்திலேயே, களத்துமேட்டிலேயே விற்றார்கள். சமிதிகளில் வணிகர்களின் ஆதிக்கமும் ஊழலும் மலிந்திருந்தன. இழந்தது ஒரு பொற்காலத்தை அல்ல. சீர்திருத்தி, விரிவுபடுத்தி, மக்கள் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்திருக்கக் கூடிய ஒரு பொது அமைப்பையும், சந்தையில் தலையிடுவது அரசின் கடமை என்ற ஏற்பையும் பீகார் இழந்தது.

ஒழுங்குமுறைச் சந்தைகளின் பிறப்பே சற்று விசித்திரமானது. இந்திய விவசாயியின் மீது கொண்ட பரிவினால் அவை தோன்றவில்லை. 1897இல் பீராரில் பருத்தி, தானியச் சந்தைச் சட்டம் வந்தபோது ஆங்கிலேய ஆலைகளுக்குத் தூய பருத்தி தடையின்றிக் கிடைப்பதே நோக்கமாக இருந்தது. 1928இல் வேளாண்மைக்கான அரச ஆணையம் அத்தகைய சந்தைகளை நாடெங்கும் ஏற்படுத்தப் பரிந்துரைத்தது. பஞ்சாபில் 1939ஆம் ஆண்டுச் சட்டம் சர் சோட்டு ராமின் முயற்சியால் வந்தது. அவர் சார்ந்திருந்த யூனியனிஸ்ட் கட்சி நிலவுடைமையாளர்களின் கட்சி. லேவாதேவிக்காரரிடமிருந்து உழவரைக் காப்பதில் காட்டிய அக்கறையை, நிலவுடைமையாளரிடமிருந்து குத்தகையாளரைக் காப்பதில் அது காட்டவில்லை. ஆயினும் எடைக்கல்லைச் சரிபார்ப்பது, ஏலத்தை வெளிப்படையாக நடத்துவது, துணிக்குள் கைவிட்டு விரல் தொட்டு விலை பேசும் வழக்கத்தை ஒழிப்பது, தர்மக் கணக்கென்றும் கழிவென்றும் சொல்லி மூட்டைக்கு மூட்டை பிடிக்கும் பிடித்தத்தைத் தடுப்பது ஆகிய கோரிக்கைகள் கோடிக்கணக்கான உழவர்களின் உண்மையான வேதனையிலிருந்து எழுந்தவை. கைப்பிடித் தானியம் கைப்பிடியாகவே எத்தனை களஞ்சியங்களை நிரப்பியிருக்கிறது என்பது பழைய தலைமுறைக்குத் தெரியும்.

ஆனால் எடைக்கல் நேராக இருந்தால் மட்டும் போதுமா? தானியச் சந்தையைப் பற்றிய முதலாளித்துவப் பாடநூல்கள் இந்த இடத்தில்தான் நின்றுவிடுகின்றன. வாங்குவோரும் விற்போரும் பலர், தகவல் எல்லோருக்கும் கிடைக்கிறது, நுழைவுக்குத் தடையில்லை எனில் நியாய விலை தானே அமையும் என்பது அவற்றின் வாதம். விற்பவர் ஏன் அன்று, அந்த இடத்தில், அவரிடம் விற்கிறார் என்ற கேள்வி அவற்றில் எழுவதே இல்லை.

இந்தியப் பொருளாதார அறிஞர்கள் இந்தக் கேள்வியை எழுப்பியிருக்கிறார்கள். தரம் நாராயண் 1950-51ஆம் ஆண்டின் விவரங்களை ஆராய்ந்து 1961இல் ஒரு நூல் வெளியிட்டார். நிலத்தின் அளவு கூடக்கூட விளைச்சலில் விற்பனைக்கு வரும் பங்கும் கூடும் என்றுதான் அதுவரை கருதப்பட்டது. அவர் கண்டது வேறு. மிகச்சிறு நிலம் உடையவர்கள் விளைச்சலில் கணிசமான பங்கைச் சந்தைக்குக் கொண்டுவருகிறார்கள். நிலம் சற்றுக் கூடும்போது அந்தப் பங்கு குறைகிறது. பெரிய நிலவுடைமைகளில் மீண்டும் ஏறுகிறது. பெரியவர் உபரியை விற்கிறார். சிறியவர் உபரி இல்லாமலேயே விற்கிறார். கடனும் குத்தகையும் துணிமணியும் மருந்துச் செலவும் அவரைச் சந்தைக்குத் தள்ளுகின்றன. விற்ற அதே தானியத்தை ஐந்தாறு மாதம் கழித்து, கூடுதல் விலைக்கு, அநேகமாகக் கடனுக்கு, அவரே திரும்ப வாங்குகிறார். சந்தையில் இருவரும் 'விற்பனையாளர்' என்ற ஒரே பெயரில் நிற்கிறார்கள்.

1973இல் அமித் பாதுரி மேற்கு வங்கக் கிராமங்களின் ஆய்விலிருந்து எழுதிய கட்டுரையும், 1974இல் கிருஷ்ணா பரத்வாஜ் வெளியிட்ட நூலும் இந்தக் கட்டாய விற்பனையின் இயங்குமுறையை விளக்கின. நிலச் சந்தை, கடன் சந்தை, தானியச் சந்தை, உழைப்புச் சந்தை என்று நான்கு தனித்தனிச் சந்தைகள் கிராமத்தில் இல்லை. குத்தகைக்கு நிலம் கொடுப்பவரே கடன் கொடுக்கிறார். கடன் கொடுப்பவரே விளைச்சலை வாங்குகிறார். அவருடைய வயலிலேயே குத்தகையாளரின் மனைவி நாற்று நடச் செல்கிறார். ஒன்றில் பேரம் பேசினால் மற்ற மூன்றும் கையை விட்டுப் போகும்.

ஒரு எளிய கணக்கு இதை விளக்கும். பஞ்ச மாதத்தில் ஒரு குத்தகை விவசாயி இரண்டு குவிண்டால் நெல்லைக் கடனாக வாங்குகிறார் என்று கொள்வோம். அப்போதைய விலை குவிண்டால் 2000 ரூபாய் என்றால் கணக்கில் 4000 ரூபாய் எழுதப்படும். அறுவடையின்போது விலை 1250க்கு இறங்குகிறது. கடனை நெல்லாகத் திருப்ப 3.2 குவிண்டால் அளக்க வேண்டும். வட்டி என்று ஒரு பைசாவும் எழுதப்படவில்லை. கடன் கொடுத்தவர் தம்மை உபகாரி என்றே நினைத்துக்கொள்ளலாம். ஆனால் ஆறு மாதத்தில் தானியத்தில் அறுபது சதவீதம் கூடுதலாகப் பெயர்ந்துவிட்டது. அறுவடைக்கால விலைக்கும் பஞ்சகால விலைக்கும் உள்ள இந்த இடைவெளியே வணிக மூலதனத்தின் வயல். உழாமல், விதைக்காமல் அங்கே அறுவடை நடக்கிறது. உற்பத்தியைப் பெருக்க முதலீடு செய்வதைவிட இந்த இடைவெளியில் முதலீடு செய்வது ஆதாயமானது எனில், எந்த நிலவுடைமையாளர் ஆழ்துளைக் கிணறு வெட்டுவார்? வேளாண்மை தேங்குவதற்கும் தானியச் சந்தைக்கும் உள்ள உறவு இதுதான். நல்ல மண்ணும் நீரும் கொண்ட பீகார் வறுமையில் உழல்வதற்கு இயற்கையைக் குற்றம் சொல்ல முடியாது.

இந்தப் பிடியைத் தளர்த்தக்கூடிய ஒரே வலுவான புறச்சக்தியாக இருந்தது அரசுக் கொள்முதல். அதன் வரலாறு நெருக்கடியில் பிறந்தது. 1943 வங்கப் பஞ்சத்தில் மாண்டவர்கள் ஏறத்தாழ முப்பது லட்சம் பேர் என மதிப்பிடப்படுகிறது. தானியத்தை வணிகர் கையில் விட்டால் என்ன நேரும் என்பதற்கு அதைவிடச் சான்று தேவையில்லை. ஆயினும் விடுதலைக்குப் பிறகு கட்டுப்பாடுகள் தளர்த்தப்பட்டன. 1956 முதல் அமெரிக்காவின் பி.எல்.480 கோதுமையை நம்பி நகரங்களுக்கு உணவளிக்கும் வழி தேர்ந்தெடுக்கப்பட்டது. 1960களின் நடுவில் வறட்சி வந்தபோது, கப்பலை அனுப்புவதா வேண்டாமா என்பதை வாஷிங்டன் அரசியல் ஆயுதமாக்கியது. 1965 ஜனவரியில்தான் இந்திய உணவுக் கழகம் தொடங்கப்பட்டது. அதன் முதல் மாவட்ட அலுவலகம் தஞ்சாவூரில் திறக்கப்பட்டது என்பது தமிழ்த் தோழர்கள் அறிந்திருக்க வேண்டிய செய்தி. வேளாண் விலை ஆணையமும் அதே மாதத்தில் அமைந்தது.

கொள்முதல் ஆரம்பம் முதலே சமச்சீராக விரியவில்லை. பாசன வசதியும் பெரிய நிலவுடைமையும் இருந்த பகுதிகளில் விரைவாக உபரி திரட்டுவதே அன்றைய ஆட்சியாளர்களின் நோக்கம். நிலச் சீர்திருத்தத்தைத் தவிர்த்துவிட்டு உற்பத்தியைப் பெருக்கும் பாதை அது. எனவே பஞ்சாபில் ஏறத்தாழ 116 சதுர கிலோமீட்டருக்கு ஒரு ஒழுங்குமுறைச் சந்தை அமைந்தது. நாட்டின் சராசரி அதைப்போல் நான்கு மடங்குப் பரப்புக்கு ஒன்று. ஐந்து கிலோமீட்டர் சுற்றளவுக்குள் சந்தை வேண்டும் என்பது சுவாமிநாதன் தலைமையிலான தேசிய விவசாயிகள் ஆணையத்தின் பரிந்துரை. 2020-21 பருவத்தில் பஞ்சாபில் 127 லட்சம் டன் கோதுமை கொள்முதலாயிற்று. ஐம்பது லட்சம் டன்னுக்கு மேல் கோதுமை விளையும் பீகாரில் ஏறத்தாழ ஐயாயிரம் டன்.

2015இல் சாந்தகுமார் குழு, ஆறு சதவீத விவசாயிகளே ஆதரவு விலையில் அரசு முகமைகளுக்கு விற்கிறார்கள் என்று எழுதியது. ஆறு பேருக்கு மட்டும் மருந்து கிடைக்கிறது என்றால் மற்ற தொண்ணூற்று நால்வருக்கும் மருந்தகம் திறக்க வேண்டும் என்பது சாதாரண அறிவு. உணவுக் கழகத்தின் பணியைச் சுருக்கலாம் என்பதே குழுவின் முடிவாக இருந்தது.

தனியார் கொள்முதலை நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு இரண்டு பருவங்கள் சாட்சி. 2006இல் பன்னாட்டு, உள்நாட்டு நிறுவனங்கள் கோதுமையை வளைத்து வாங்க, அரசுக் கொள்முதல் முந்தைய ஆண்டின் 148 லட்சம் டன்னிலிருந்து 92 லட்சம் டன்னாகச் சரிந்தது. தன்னிறைவு பெற்றுவிட்டதாகப் பெருமைப்பட்ட நாடு கோதுமையை இறக்குமதி செய்தது. 2022இல் உக்ரைன் போரினால் உலக விலை ஏறியதும் 'உலகுக்கே உணவளிப்போம்' என்று பிரதமர் பேசினார். கொள்முதல் 433 லட்சம் டன்னிலிருந்து 188 லட்சம் டன்னாக விழுந்தது. மே 13 அன்று ஏற்றுமதிக்குத் தடை வந்தது.

இடதுசாரி வட்டாரங்களிலேயே எழுப்பப்படும் ஒரு எதிர்வாதத்தை இனி நேராகச் சந்திக்க வேண்டும். ஆதரவு விலைக் கோரிக்கை உபரி வைத்திருக்கும் பணக்கார விவசாயியின் கோரிக்கை; கிராமத்தின் பெரும்பான்மையோர் தானியத்தை வாங்கி உண்பவர்கள்; விலை உயர்ந்தால் அவர்கள் வயிற்றில் அடி விழும் என்பதே அந்த வாதம். இதில் உண்மை இல்லை என்று ஒதுக்குவது நேர்மையாகாது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி பீகாரில் சாகுபடியாளர்கள் ஏறத்தாழ 72 லட்சம் பேர். விவசாயத் தொழிலாளர்கள் 183 லட்சம் பேர். நிலவுடைமைகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்டவை இரண்டரை ஏக்கருக்கும் கீழானவை. பஞ்சாபில் மண்டிகளைக் காக்கப் போராடிய அதே 2020இல், ஜூன் மாதம், பீகார்த் தொழிலாளர்கள் ஊரடங்கினால் வர இயலாமற்போனபோது, நடவுக் கூலிக்கு உச்சவரம்பு விதித்துப் பல ஊராட்சிகள் தீர்மானம் போட்டன. மீறுவோருக்கு அபராதமும் சமூக விலக்கும் அறிவிக்கப்பட்டன. பாதிக்கப்பட்டவர்கள் பெரும்பாலும் தலித் தொழிலாளர்கள். தில்லி எல்லையின் மகத்தான ஒற்றுமையைப் பேசும்போது இதையும் சேர்த்தே பேச வேண்டும்.

ஆனால் அந்த வாதம் ஒன்றை மறந்துவிடுகிறது. விவசாயி பெறும் விலையும் தொழிலாளி கொடுக்கும் விலையும் ஒன்றல்ல. பீகாரில் 1100 ரூபாய்க்கு நெல் போனபோது கூலித் தொழிலாளியின் அரிசி மலிந்துவிடவில்லை; இடைவெளி வணிகரிடமும் ஆலைக்காரரிடமும் தங்கிற்று. கொள்முதலையும் பொது விநியோகத்தையும் ஒரே அமைப்பின் இரு கைகளாகக் கொண்டால் மட்டுமே உழவருக்கு நியாய விலையும் தொழிலாளிக்கு மலிவு விலையும் ஒருசேர இயலும். 2013ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் எண்பது கோடிப் பேருக்குத் தானியம் வழங்கப்படுவது, மண்டியில் அரசு வாங்குவதனால்தான் சாத்தியமாகிறது. மண்டி சாய்ந்தால் ரேஷன் கடை நிற்காது. வங்கிக் கணக்கில் பணம் போடுகிறோம், சந்தையில் வாங்கிக்கொள்ளுங்கள் என்ற திட்டம் காத்திருக்கிறது.

கேரளத்தைக் காட்டி பிரதமரே 2020 டிசம்பரில் கேலி செய்தார்: அங்கே மண்டிச் சட்டம் இல்லையே, ஏன் போராடவில்லை? கேரளத்தில் அந்தச் சட்டம் இருந்ததில்லை என்பது மெய்தான். அங்கு முதன்மையான பயிர்கள் ரப்பரும் தென்னையும் நறுமணப் பொருள்களும். விளையும் நெல்லை மாநிலப் பொது விநியோகக் கழகமான சப்ளைகோ வாங்குகிறது; அந்த ஆண்டு கிலோவுக்கு 27 ரூபாய் 48 காசு கொடுத்தது. பீகார் விவசாயி பெற்றதைப்போல் இருமடங்குக்கும் மேல். காய்கறிகள் பதினாறுக்கு அடிப்படை விலையையும் 2020 நவம்பரில் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. சட்டப் புத்தகத்தில் எந்த ஏடு இல்லை என்பதைவிட, அறுவடை நாளில் களத்துக்கு வெளியே அரசு நிற்கிறதா என்பதே விவசாயிக்கு முக்கியம்.

பீகாரில் அந்த நாளில் யார் நிற்கிறார்கள்? நெல் கொள்முதல் 'பாக்ஸ்' எனப்படும் தொடக்க வேளாண் கடன் சங்கங்களிடம் ஒப்படைக்கப்பட்டுள்ளது. கடலை, கோதுமை விதைக்கவேண்டிய நவம்பரில் விவசாயிக்குக் கையில் காசு வேண்டும். சங்கமோ ஈரப்பதம் பதினேழு சதவீதத்துக்கு மேல் என்று திருப்பி அனுப்புகிறது; சாக்கு இல்லை என்கிறது; வாங்கினாலும் பணம் வர வாரங்கள் ஆகின்றன. சங்கத் தலைவர் பெரும்பாலும் ஊரின் ஆதிக்கக் குடும்பத்தவர். காத்திருக்க முடிந்தவர் ஆதரவு விலை பெறுகிறார். காத்திருக்க முடியாதவரின் நெல்லை வாங்கிய வியாபாரி, பின்னர் நிலம் உடைய ஒருவரின் பெயரில் அதே சங்கத்தில் அதே நெல்லை ஆதரவு விலைக்கு விற்பதும் நடக்கிறது. கணக்கில் ஒரு 'விவசாயி' பயனடைந்திருப்பார்.

பட்டாய்தார், அதாவது வாரக் குத்தகையாளர், இந்த வரிசையின் கடைசியில் நிற்கிறார். வாய்மொழிக் குத்தகைக்குக் காகிதம் கிடையாது. காகிதம் இல்லாதவருக்கு வங்கிக் கடன் இல்லை, பயிர் நிவாரணம் இல்லை. கொள்முதலில் சுயஉறுதிமொழி கொடுத்துப் பதிவு செய்ய இடமளித்தாலும் அளவுக்குத் தனி உச்சவரம்பு. நிலச் சீர்திருத்தத்துக்காக பீகார் அரசே 2006இல், மண்டிச் சட்டத்தை நீக்கிய அதே ஆண்டில், ஓர் ஆணையம் அமைத்தது. மேற்கு வங்கத்தில் 1978இல் தொடங்கிய 'ஆபரேஷன் பர்கா' இயக்கத்தை நிர்வாகத் தளத்தில் நடத்திய தே. பந்தியோபாத்யாய அதன் தலைவர். ஒவ்வொரு பட்டாய்தாருக்கும் அவர் உழும் நிலத்தின் எண் குறித்த சான்று தரவேண்டும், சாகுபடி உரிமை வாரிசுக்குச் செல்லவேண்டும், சாகுபடிச் செலவை அவரே ஏற்றால் விளைச்சலில் எழுபது சதவீதத்துக்குக் குறையாமல் அவருக்குச் சேரவேண்டும் என்று 2008இல் அறிக்கை தந்தது. நிலவுடைமைச் சாதிகளின் எதிர்ப்பைக் கண்டதும் அரசு அதைக் கிடப்பில் போட்டது. ஒரே ஆண்டில் தொடங்கிய இரண்டு நடவடிக்கைகளில் எது உடனே நிறைவேறியது, எது நிறைவேறவில்லை என்பதைப் பார்த்தால் அந்த ஆட்சியின் வர்க்கத் தன்மைக்கு வேறு விளக்கம் தேவைப்படாது.

சுவாமி சகஜானந்தர் 1929இல் பீகார் மாகாண விவசாயிகள் சங்கத்தைத் தொடங்கிய மண் அது. இன்று அங்கே முன்வைக்கப்படும் கோரிக்கைகள் சந்தையை மட்டும் தொடுவன அல்ல. ஊராட்சிதோறும் கொள்முதல் மையம் அறுவடைக்கு முன்பே திறக்கப்பட வேண்டும். மொத்தச் செலவோடு ஐம்பது சதவீதம் சேர்த்த விலைக்குச் சட்ட உத்தரவாதம் வேண்டும். மக்காச்சோளமும் கொள்முதல் வரம்புக்குள் வரவேண்டும். கிராம சபை சான்றளித்தால் பட்டாய்தார் தம் பெயரிலேயே விற்க வேண்டும், கடன் பெற வேண்டும். விவசாயத் தொழிலாளரின் கூலியும் ரேஷனும் இதே கோரிக்கைப் பட்டியலில், பின்னிணைப்பாக அல்லாமல், இடம்பெற வேண்டும். பட்டாய்தாரின் பெயரைக் கொள்முதல் பதிவேட்டில் எழுத வைப்பதே இவற்றுள் கடினமானது; பாக்ஸ் தலைவரும் நிலவுடைமையாளரும் வட்டாட்சியரும் ஒன்றாக எதிர்க்கும் கோரிக்கை அதுதான். வரும் நவம்பர் அறுவடைக்கு முன் சங்கக் கிளைகள் ஊர்தோறும் குத்தகையாளர் பட்டியலைத் தாமே எடுத்து, கிராம சபையில் வைத்து, வட்டார அலுவலகத்தில் ஒப்புகை பெறும் வேலையைத் தொடங்க வேண்டியிருக்கிறது.